பிறகு என்ற பொத்தான்

குருநகரில் பஸ் றைவரின் சவம் எடுத்த அன்று முற்றத்தில் நின்றவர்கள்:

றைவரின் மனைவி. மகள், இடுப்பில் பிள்ளையோடு. மருமகன், கையில் குடையோடு. மழை இல்லை. பங்குச் சுவாமியார். கனடாவில் இருக்கும் மகன், ஒரு தடியின் நுனியில் பொருத்திய போனுக்குள். அந்தத் தடியைப் பிடித்தபடி வீடியோக்காரன். பஸ் டிப்போவிலிருந்து ரைம் கீப்பர். டிப்போ மெக்கானிக்குகள் இரண்டு பேர், கையில் கிறீஸ் போகாமல். மீன் விற்கிற பெண்கள் நாலு பேர். றைவரிடம் ஒருமுறை நடுறோட்டில் அறை வாங்கிய மினிபஸ் முதலாளி, செய்தி உண்மைதானா என்று பார்க்க வந்தவர். நான்.

கொண்டக்டர் இல்லை.

பெட்டியை மூடாமல் அரை மணி நேரம் பொறுத்தார்கள். நல்ல வெயில். சுவாமியார் மணிக்கூட்டைப் பார்த்தார். யாருக்காகப் பொறுக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. கடைசியில் மூடினார்கள்.

இது றைவரைப் பற்றியது அல்ல. வராத ஆளைப் பற்றியது.

கொண்டக்டர் எங்கள் கரவெட்டி ஆள். அவரும் அந்த றைவரும் இருபது வருசத்துக்கு மேல் ஒரே பஸ். பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம், யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை. றைவர் வேதக்காரர், இவர் சைவம். நத்தார்ப் பெருநாளுக்கு இவர் அங்கே போய்த் தின்பார், பொங்கலுக்கு அவர் இங்கே வந்து தின்பார். மற்ற நாட்களில் சண்டை பிடிப்பார்கள்.

என்னுடைய சைக்கிள் கடை றோட்டோரம். கொண்டக்டர் லீவு போட்டால், றைவர் பஸ்ஸை என் கடைக்கு முன்னால் நிறுத்தி மீன் பையை இறக்கி எறிவார். "உவனிட்டைக் குடு. வேலைக்கு வராட்டிலும் தின்னட்டும்." எனக்கும் அவருக்கும் அவ்வளவுதான் பழக்கம். ஒரு செத்தவீட்டுக்குப் போக அது காணும்.

றைவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. மணி அடித்தால் பஸ்ஸை எடுக்கமாட்டார். கொண்டக்டர் வாயால் "றைற்" சொல்ல வேண்டும். பஸ்ஸில் மணி இருந்தது, நன்றாகவே அடிக்கும். ஏன் இப்படி என்று ரைம் கீப்பர் கேட்டாராம். "மணிக்குக் கண் இல்லை. உவனுக்கு இருக்கு" என்றாராம். அதற்குப் பிறகு மணியைக் கழற்றி யாரோ வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

பென்சனில் வந்த பிறகு கொண்டக்டருக்கு றைற் சொல்ல ஒன்றும் இல்லை. என் கடை வாங்குப் பலகையில் வந்து இருக்கத் தொடங்கினார். ஆட்களை உள்ளுக்குத் தள்ளி நெருங்கி இருக்கச் சொல்வார். இருப்பது நாங்கள் இரண்டு பேர்.

லண்டனில் இருக்கும் அவருடைய மகள் ஒரு போன் கொடுத்தனுப்பினாள். பெட்டியைத் திறந்த நாளிலிருந்து அவருக்குப் பழைய உத்தியோகம் திரும்பக் கிடைத்தது. போனுக்குள் யார் ஏற வந்தாலும் மறித்தார். தெரியாத ஆளுக்கு ஓம் சொல்லமாட்டார். அதுதான் அவருடைய குணம் முழுவதும்.

போன் கேட்கிறதை எல்லாம் உரத்து வாசிப்பார், பஸ்ஸில் இறக்கம் சொல்கிற குரலில்.

"இந்தச் செயலி உங்கள் இருப்பிடத்தை அறிய விரும்புகிறது. ஏன்ரா? பொம்பிளை பாக்க வாறியோ?"

மறு.

"உங்கள் தொடர்புகளை அணுக விரும்புகிறது. என்ரை சொந்தக்காரரை நானே அணுகிறேல்லை. உனக்கேன் அந்தக் கரைச்சல்?"

மறு.

"உங்கள் ஒலிவாங்கியைப் பயன்படுத்த. ஓ, மனுசி ஏசுறதைக் கேக்கப் போறானாம். கேளடா, நல்லாக் கேள்."

அதுக்கும் மறுதான்.

எனக்கு எதிர்ப்பக்கத்தில் கொமினிகேசன் கடை. போட்டோக்கொப்பி, றீலோட், போன் திருத்துவது எல்லாம் அங்கே. வைத்திருக்கிறவள் வாய்க்காரி. கொண்டக்டரை மாமா என்பாள், மரியாதை அந்தச் சொல்லோடு முடியும்.

"மாமா, எல்லாத்துக்கும் மறு எண்டால் பேந்தென்னத்துக்குப் போன்? ஒரு செங்கல்லை மடியிலை கட்டிக்கொண்டு திரியுங்கோவன்."

"செங்கல் ஒண்டும் கேக்காது பிள்ளை. அது மரியாதை தெரிஞ்ச சாமான்."

போனின் முன் கமராவை மூட மனைவியின் பொட்டுப் பெட்டியிலிருந்து ஒரு ஒட்டுப்பொட்டு எடுத்து ஒட்டினார். சிவப்பு, பெரியது. மகள் வீடியோவில் எடுத்தால் அவளுக்குத் தெரிவது ஒரே சிவப்பு. மனைவி பின்னாலிருந்து கத்துவார். "பிள்ளைக்கு முகத்தைக் காட்டுங்கோவன். நீங்கள் என்ன, கொலை செய்துபோட்டு ஒளிச்சிருக்கிறியளோ?"

கொமினிகேசன்காரி போனை வாங்கிப் பார்த்தாள். "மாமா, உங்கடை போன் சுமங்கலியாய் இருக்குது. நல்லா இருக்கட்டும்."

இன்ரநெற் பார்க்கிற உலாவிகளைப் பற்றி அவருக்கு முடிந்த முடிவுகள் இருந்தன. ஒவ்வொன்றையும் ஒரு கிழமை ஓட்டிப் பார்த்தார். வட்டமாய் நாலு நிறத்தில் இருப்பது, திசைகாட்டிப் படம் போட்டது, நரிப் படம் போட்டது.

"எல்லாம் ஒரே றோட்டிலை ஓடுற மினிபஸ்தான். பேர்ப் போட் வேறை, பாட்டு வேறை. எல்லாரும் உன்னை ஏத்தத்தான் நிக்கிறாங்கள், இறக்கிறதைப் பற்றி ஒருத்தனும் கதைக்கான்."

"அப்ப எதிலை போறது?" என்று காற்றடிக்க வந்த ஒருவர் கேட்டார்.

"நரியிலை போ. நரி எண்டு படமே போட்டிருக்கிறான். அவன் ஒளிக்கேல்லை. திசைகாட்டி வைச்சிருக்கிறவன் திசை தெரியாதவன். வட்டமாய் இருக்கிறவனுக்கு முன் எது, பின் எது? அவன்ரை பஸ்ஸிலை ஏறினால் நீ எந்தக் கதவாலை இறங்குவாய்?"

காற்றடிக்க வந்தவர் சைக்கிளில் போனார்.

அப்டேற் வந்தால் போன் இரண்டு பொத்தான் காட்டும். இப்போது, பிறகு. கொண்டக்டர் பிறகை அழுத்துவார். ஒவ்வொரு நாளும் வரும். ஒவ்வொரு நாளும் பிறகு. அழுத்திவிட்டு ஒரு வெற்றிலை போடுவார்.

"மனுசனுக்கு மிஞ்சியிருக்கிற சுதந்திரம் உந்த ஒரு பொத்தான்தான்ரா தம்பி. பிறகு. இல்லை எண்டு சொல்ல அவங்கள் விடாங்கள். பிறகு எண்டு சொல்லலாம்."

கொமினிகேசன்காரி விடமாட்டாள். "மாமா, வருசா வருசம் வேலி அடைக்கிறியளோ இல்லையோ? ஓலை உக்கி ஓட்டை விழுந்தால் நாய் வரும், ஆடு வரும். அதைத்தான் அடைக்கிறது. அப்டேற்றும் அதுதான்."

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"வேலி நான் அடைக்கிறன். இல்லாட்டி நான் பிடிச்ச ஆள் அடைக்கிறான். அவன்ரை தேப்பன் ஆர், அவன் எத்தினை கிளாஸ் குடிப்பான் எல்லாம் எனக்குத் தெரியும். ஆரெண்டு தெரியாத ஒருத்தன் நான் நித்திரையாய்க் கிடக்கேக்கை வந்து வேலியைப் பிரிச்சு, புதுசாய் அடைச்சுப்போட்டு, 'ஐயா, உங்கடை வேலி இப்ப திறம்' எண்டால், நான் பாக்கு வெத்திலை குடுக்கிறதோ, பொலிசுக்குப் போறதோ?"

"பிரிக்காமல் விட்டால் ஆடு வரும்."

"ஆட்டை எனக்குத் தெரியும்."

இரண்டு பேரும் சொன்னது சரி மாதிரித்தான் எனக்கு இருந்தது. நான் ரியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரேயொரு தரம் அவர் சத்தம் குறைத்துக் கதைத்தார். யாரோ ஒரு விளையாட்டுக்காகத் தன் படம், பிறந்த நாள், ஊர் எல்லாம் போனில் கொடுத்துக்கொண்டிருந்தான். கொண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"அந்தக் காலத்திலை ஆமிச் சென்ரிக்குச் சென்ரி பஸ்ஸை நிப்பாட்டி எல்லாரையும் இறக்குவன். ஐசி அட்டையைக் கையிலை பிடிச்சுக்கொண்டு வரிசையாய் நடக்கோணும். காட்டாட்டி அடி. இப்ப அடியாமலே காட்டுறியள்."

அவன் போனை மடியில் வைத்துவிட்டான்.

ஒருநாள் காலை எங்கள் றோட்டில் எல்லாருக்கும் ஒரு செத்தவீடு வந்தது. போனில்தான். குத்துவிளக்குப் படம். படத்துக்குக் கீழே, "உங்கள் ஊரவர் காலமானார். யாரென்று பார்க்க அழுத்தவும்."

எங்கள் ஆட்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது என்று அனுப்பினால் சந்தேகப்படுவார்கள். வெளிநாட்டு வேலை என்றால் விசாரிப்பார்கள். செத்தவீடு என்றால் அப்படி இல்லை. யாரென்று தெரியாமல் விட்டு, போகாமல் விட்டால், அடுத்த தலைமுறை வரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். அழுத்தினோம். அனுமதி கேட்டது. கொடுத்தோம். வட்டம் சுற்றியது. சவம் வரவில்லை. எங்கள் போனில் இருந்த எல்லாருக்கும் அதே செத்தவீட்டை அது தானே அனுப்பியது.

மத்தியானத்துக்குள் ஊரில் பாதிப் பேருக்குத் தங்கள் வட்ஸப்புக்குள் போக முடியவில்லை. வேறு யாரோ உள்ளே இருந்தார்கள். கோயில் பரிபாலன சபையின் குழுவில், தலைவரின் பெயரில், குளிக்கிற உடுப்போடு வெள்ளைக்காரிகள் வந்தார்கள். வரிசையாக வந்தார்கள். குழுவிலிருந்து ஒருவரும் விலகவில்லை. பொருளாளர் ஒரு படத்துக்கு இதயம் போட்டார். கை தவறி என்றார்.

கொமினிகேசன்காரி கடையைப் பூட்டிவிட்டு வந்து வாங்கில் இருந்தாள்.

"நீயுமோ?" என்று கொண்டக்டர் கேட்டார்.

"நானும்தான் மாமா. செத்தது ஆரெண்டு பாக்காமல் எப்பிடி இருக்கிறது?"

கொண்டக்டரின் போன் மட்டும் சுகமாக இருந்தது. பொட்டும் இருந்தது. அந்தக் கிழமை அவரைப் பிடிக்க முடியவில்லை. வாங்கில் ஏறி நிற்காத குறை.

"எனக்கும்தான் அனுப்பினவங்கள். ஒரே சவத்தை எத்தினை பேர்! ஒருத்தன் எத்தினை தரமடா சாவான்? நான் அமத்தினனோ? அவசரம் என்ன? செத்தவன் எங்கையும் ஓடமாட்டான். ஆறுதலாய் விசாரிச்சிட்டுப் போகலாம்."

இந்தச் சொல்லை அவர் பல பேருக்குச் சொன்னார். நானே பல தரம் கேட்டேன். செத்தவன் எங்கையும் ஓடமாட்டான்.

அதற்கு அடுத்த கிழமை றைவர் செத்தார்.

சவம் எடுக்கிற அன்று காலை, யாழ்ப்பாணம் போன பஸ் என் கடைக்கு முன்னால் மெதுவாகியது. புது றைவர் தலையை நீட்டி, ஆள் செத்துப்போனார், பின்னேரம் எடுக்கினம் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கை கழுவி வேட்டி மாற்றிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன். கொண்டக்டர் வீட்டுக்குப் போகவில்லை. அவர் முதல் நாளே போயிருப்பார் என்று நினைத்தேன். அவருக்கு அதைப் போய்ச் சொல்வது, கலியாண மாப்பிள்ளைக்குக் கலியாணம் சொல்வது மாதிரி. எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

அடக்கம் முடிந்து பொழுதுபட முதல் திரும்பி வந்தேன். பூட்டிய கடைக்கு முன்னால், வாங்கில், கொண்டக்டர் இருந்தார்.

"எங்கையடா போனனீ கடையைப் பூட்டிப்போட்டு? ஒரு மனுசன் வந்து இருக்கேலாதோ?"

"செத்தவீடு."

"ஆற்றை?"

முகத்தைப் பார்த்தேன். பகிடி விடுகிற முகம் இல்லை.

"உங்கடை றைவரின்ரை."

அவர் சிரித்தார். "நீயும் அதை அமத்திப்போட்டியோ? எனக்கும் முந்தநாள் வந்தது. வெளிநாட்டு நம்பர். படமும் இல்லை. 'துயர் பகிர்வு, பார்க்க அழுத்தவும்' எண்டு. அடுத்த ஆட்டம் தொடங்கிட்டாங்கள். அழிச்சு, நம்பரையும் மறிச்சுப்போட்டன்."

"போனிலை பாக்கேல்லை அண்ணை. பெட்டிக்குள்ளை பாத்தனான்."

சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது. எடுத்து வைக்க இடம் தெரியாத மாதிரி.

ஒரு பஸ் போனது. அவர் அதைப் பார்க்கவில்லை.

"டிப்போ பஸ் வந்ததோ?"

"வந்தது. முன்னுக்கு மாலை கட்டி."

"சவம் தூக்கேக்கை ஆர் றைற் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. தூக்கிக்கொண்டு போயிட்டினம்."

அவர் எழும்பி றோட்டைக் கடந்தார். இரண்டு பக்கமும் பார்க்காமல் கடந்தார். நானும் பின்னால் போனேன்.

கொமினிகேசன்காரியிடம் போனை நீட்டினார். "அந்த நம்பரைத் திறந்து விடு பிள்ளை." விசயத்தை நான் சொன்னேன். நம்பரைத் திறந்தாள். அது றைவரின் கனடா மகனுடைய நம்பர். ஆனால் வட்ஸப் திறக்கவில்லை. இந்தப் பதிப்பு காலாவதியாகிவிட்டது, புதுப்பிக்கவும் என்று நின்றது. இந்தமுறை பிறகு என்ற பொத்தான் இல்லை.

"அப்டேற் பண்ணவேணும் மாமா" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

"பண்ணு."

வட்டம் சுற்றியது. இவ்வளவு காலமும் அழுத்திய பிறகு எல்லாம் சேர்ந்து வந்தது. நாங்கள் மூன்று பேரும் அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். முடிந்ததும் போன் வழக்கம்போலக் கேட்கத் தொடங்கியது. தொடர்புகள். அனுமதி. ஒலிவாங்கி. அனுமதி. கமரா. அனுமதி. வாசிக்காமல் அழுத்தினார். அழுத்துகிற விரல் பழக்கமில்லாத விரல், பொத்தானுக்குப் பக்கத்தில் போய் விழுந்தது.

"மாமா, இருப்பிடத்துக்கு ஓம் சொல்லத் தேவையில்லை. அது கேட்டுக்கொண்டு கிடக்கும். விடுங்கோ."

"அறியட்டும். நான் நிக்கவேண்டிய இடத்திலை நிக்கேல்லை. அதையும் அறியட்டும்."

அனுமதி.

பிறகு ஒட்டுப்பொட்டை நகத்தால் உரித்தார். போட இடம் பார்த்து, கடைசியில் என் கடைக்கு வந்து, காற்றடிக்கிற பம்பின் பிடியில் ஒட்டினார். அங்கே நின்றுதான் குருநகருக்கு வீடியோவில் எடுத்தார். றைவரின் மனைவி வந்தார். முகத்தோடு முகம் பார்த்தார்கள். இவர் போனைக் கன்னத்துக்குக் கிட்ட வைத்துப் பிடிக்கத் தெரியாமல் பிடித்தார், அங்கே பாதி முகம்தான் தெரிந்திருக்கும்.

"தம்பி, நீங்கள் மெசேச்சைப் பாத்திட்டியள் எண்டு நீலக்கோடு விழுந்தது. மகன் சொன்னவன். அதுதான் வந்திடுவியள் எண்டு பொறுத்தம்" என்றார் அந்த மனிசி. "சுவாமியார் அவசரப்படுத்தினவர். அரை மணித்தியாலம் கேட்டு வாங்கினனான்."

கொண்டக்டர் போனை மற்றக் கைக்கு மாற்றிப் பிடித்தார்.

"சாப்பிட்டீங்களோ தம்பி?" என்று அந்த மனிசி கேட்டார்.

மகன் செத்தவீட்டு வீடியோவை இன்ரநெற்றில் போட்டிருந்தான். தேடினால் வராது, இணைப்பு வைத்திருக்கிற ஆட்களுக்கு மட்டும் திறக்கும். அதை அனுப்பினான். கொண்டக்டர் அதை அழுத்தினார். யார் என்ன என்று கேட்கவில்லை. முழுவதும் பார்த்தார். மகள், பிள்ளை, குடை, மினிபஸ் முதலாளி எல்லாரையும். பெட்டியைத் திறந்து வைத்திருந்த அரை மணி நேரத்தையும் பார்த்தார். அதில் ஒன்றும் நடக்காது. ஆட்கள் படலை வாசலைப் பார்ப்பார்கள்.

மூடி, ஆறு பேர் தோள் கொடுத்துத் தூக்கினார்கள்.

"றைற்" என்றார் கொண்டக்டர்.

உரத்து அல்ல. பஸ்ஸில் சொல்கிற மாதிரித்தான்.

வீடியோவுக்குக் கீழே எத்தனை தரம் பார்க்கப்பட்டது என்று ஒரு எண் இருக்கும். அன்றைக்கு 61 என்று இருந்தது.

அடுத்த வருசம் கொண்டக்டரை மகள் லண்டனுக்குக் கூப்பிட்டாள். மனைவி ஒற்றைக்காலில் நின்றார், போனார்கள். விசாவுக்கு விரல் அடையாளம் கேட்டிருக்கிறார்கள். ஒரு விரலோடு விடமாட்டீர்களோ என்று இவர் கேட்டாராம். பத்தையும் வாங்கிக்கொண்டார்கள். முகத்தையும் படம் பிடித்தார்கள்.

போகிற அன்று கொமினிகேசன்காரி கேட்டாள். "அப்ப உங்கடை சுதந்திரம் மாமா?"

"பிறகு" என்றார்.

அதற்குப் பிறகு எங்களோடு அதிகம் கதைப்பதில்லை. குளிர் என்று ஒருமுறை எழுதினார். அங்கே பஸ்ஸில் கொண்டக்டரே கிடையாது, கதவு தானாக மூடுது, எவன் பார்க்கிறான் என்று தெரியவில்லை என்று இன்னொருமுறை எழுதினார். அவ்வளவுதான்.

வீடியோ இணைப்பு என்னிடமும் இருக்கிறது. வேலை இல்லாத நேரம் அதைத் திறப்பேன். வீடியோவைப் பார்க்க அல்ல, நான் அங்கே நின்றவன். கீழே இருக்கிற எண்ணைப் பார்க்க. றைவரின் மனைவி அந்தப் பக்கமே போவதில்லை என்றார். மகனும் ஒரு தரத்தோடு சரியாம். மற்றவர்களில், ஒரு செத்தவீட்டை இரண்டாம் தரம் பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது.

எண் கூடிக்கொண்டு வருகிறது. அதனால் லண்டனில் ஆள் சுகம் என்று எனக்குத் தெரியும். கொமினிகேசன்காரிக்கும் சொல்வேன்.

நேற்றும் பார்த்தேன். நான் திறந்ததைக் கழித்துவிட்டேன்.

213.